ஒன்பதாம் வகுப்பில் குழுச் சோதனை: புதிய அறிவியல் ஆசிரியருக்கு ஒரு தொடக்கம்

பட்டதாரி ஆசிரியராகச் சேர்ந்த இரண்டாம் வருடம், பத்தாம் வகுப்புக்கு ஓம் விதிச் சோதனை வைத்தேன். செய்முறையை எண் போட்டுக் கரும்பலகையில் எழுதினேன். எட்டுக் குழுக்கள். பீரியட் முடிந்தபோது எட்டு நோட்டிலும் அழகான அட்டவணை, கோடு போட்ட வரைபடம், கடைசியில் விடை. மாலையில் பொருட்களை அலமாரியில் அடுக்கும்போதுதான் கவனித்தேன், மின்னோட்டத்தை அளக்கும் ஓர் அம்மீட்டரின் முள் அசையவே இல்லை. உள்ளே கம்பி அறுந்திருந்தது. அதை வைத்துச் சோதனை செய்த குழுவின் நோட்டைத் தேடி எடுத்துப் பார்த்தேன். ஐந்து அளவீடுகள் இருந்தன. ஐந்தும் சரியாக இருந்தன.

பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கேள்வி என்னுடையது, வழியும் என்னுடையது, விடை புத்தகத்தில் இருக்கிறது. அவர்களுக்கு மிச்சம் இருந்த வேலை கட்டங்களை நிரப்புவது மட்டும்தான். அதை ஒழுங்காகச் செய்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு பல வருடங்களாக வேறு மாதிரி செய்து வருகிறேன். கேள்வியை நான் கொடுப்பேன். எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைக் குழு முடிவு செய்யும். கேட்க எளிதாக இருக்கும் இந்த ஒரு மாற்றத்துக்கு நிறைய முன்தயாரிப்பு வேண்டும். இந்த வருடம் புதிதாக வகுப்புக்குள் போகும் ஆசிரியர்களுக்காக அதை வரிசையாக எழுதுகிறேன். பெரிய லேப் தேவையில்லை. பெஞ்சும் ஜன்னல் கம்பியும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

முதலில் ஒரு தெளிவு

எந்தச் சோதனையிலும் மூன்று விஷயங்கள் உண்டு: கேள்வி, வழி, விடை. இவற்றில் எத்தனையை ஆசிரியர் கொடுக்கிறார், எத்தனையை மாணவர்களிடம் விடுகிறார் என்று பார்க்கச் சொன்னவர் ஜோசப் ஷ்வாப் என்ற அமெரிக்கக் கல்வியாளர். 1960களில் அவர் சொன்னது இன்றும் நல்ல அளவுகோல். நம் செய்முறை வகுப்புகளில் பெரும்பாலும் மூன்றையும் நாமே கொடுத்துவிடுகிறோம். எடுத்த எடுப்பில் மூன்றையும் மாணவர்களிடம் விட்டால் வகுப்பு தடுமாறிப் போகும். முதல் இரண்டு மூன்று மாதங்களுக்குக் கேள்வியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், வழியை விட்டுக்கொடுங்கள். கேள்வியும் அவர்களுடையதாவது அரையாண்டுக்குப் பிறகு நடக்கட்டும்.

இது பணக்காரப் பள்ளிகளுக்கான முறை என்று யாராவது சொன்னால் ஹோஷங்காபாத்தைச் சொல்லுங்கள். மத்தியப் பிரதேசத்தில் அந்த மாவட்டத்தின் 16 நடுநிலைப் பள்ளிகளில் 1972-ல் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டம் அது. கிராமத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகள் சின்னச் சின்னக் குழுக்களாக உட்கார்ந்து, மலிவான பொருட்களை வைத்துத் தாங்களே செய்து பார்த்துக் கற்றார்கள். தேர்விலும் புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதலாம், செய்முறைக்கும் தனித் தேர்வு உண்டு. 2002-ல் அரசு நிறுத்தும்வரை 30 வருடம் நடந்தது. தமிழ்நாட்டிலும் 2022 நவம்பரில் அரசுப் பள்ளிகளுக்கான வானவில் மன்றம் என்ற அறிவியல் திட்டம் தொடங்கிய பிறகு ஆறு முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகள் சோதனைகளைக் கையால் செய்து பார்த்துவிட்டு ஒன்பதாம் வகுப்புக்கு வருகிறார்கள். அந்தப் பழக்கத்தை நாம் விட்டுவிடக் கூடாது.

ஊசலில் தொடங்குங்கள்

முதல் சோதனைக்குத் தனி ஊசலைத்தான், அதாவது நூலில் கட்டித் தொங்கவிட்டு ஆட்டும் எடையைத்தான், பரிந்துரைப்பேன். தீ இல்லை, அமிலம் இல்லை, உடைவதற்கு ஒன்றுமில்லை. நூலும் இரும்பு நட்டும் போதும். அரை மணி நேரத்தில் எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பச் செய்து பார்க்கலாம். எல்லாவற்றையும்விட முக்கியம், விடை பெரும்பாலான பிள்ளைகள் நினைப்பதற்கு மாறாக வரும்.

கேள்வியை அமைப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. "தனி ஊசலின் அலைவுக் காலத்தைக் காண்க" என்று எழுதினால் அது கட்டளை. நான் எழுதுவது இது: "ஊஞ்சலில் சின்னப் பிள்ளை உட்கார்ந்தாலும் பெரியவர் உட்கார்ந்தாலும், ஒரு தடவை போய்த் திரும்ப ஆகும் நேரம் மாறுமா? எது மாறினால் அந்த நேரம் மாறும்? நூலும் நட்டும் வைத்து எங்களுக்குக் காட்டுங்கள்." ஊஞ்சலில் ஆடாத பிள்ளை கிடையாது, அதனால் எல்லோரிடமும் ஒரு கருத்து இருக்கும்.

குழுவுக்கு ஒரு டப்பா. அதில் ஒன்றரை மீட்டர் தையல் நூல், ஒரே அளவில் ஐந்து நட்டு, பெரிய நட்டு ஒன்று, செலோ டேப், ஒரு ஸ்கேல். நூலைத் தொங்கவிட ஜன்னல் கம்பியோ வராண்டா கிரில்லோ போதும். பெஞ்ச் விளிம்பில் பென்சிலை டேப் போட்டு ஒட்டியும் தொங்கவிடலாம், ஆனால் அதில் அரை மீட்டருக்கு மேல் நீளம் கிடைக்காது. ஸ்டாப்வாட்ச் குழுவுக்கு ஒன்று இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கவலை வேண்டாம். மாணவர்கள் போன் கொண்டுவர முடியாது என்பதால் நான் பல வருடம் ஒரே ஒரு சுவர்க் கடிகாரத்தை வைத்துச் சமாளித்திருக்கிறேன். விநாடி முள் உள்ள கடிகாரம், எல்லோருக்கும் தெரியும்படி மாட்டினால் போதும்.

முந்தின நாள் மாலை நீங்கள் ஒருமுறை முழுதாகச் செய்து பாருங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. நூல் 25 செ.மீ. இருந்தால் பத்து அலைவுக்கு (ஒரு தடவை போய்த் திரும்பினால் ஓர் அலைவு) பத்து விநாடி, 50 செ.மீ.க்குப் பதினான்கு விநாடிக்குச் சற்று மேல், 80 செ.மீ.க்குப் பதினெட்டு, ஒரு மீட்டருக்கு இருபது. இந்த நான்கு எண்களும் உங்கள் மனதில் இருக்க வேண்டும். வாயில் வரக் கூடாது.

குழு பிரிப்பது

நான்கு பேர். ஐந்தாவது ஆள் வந்தால் அவர் வேடிக்கைதான் பார்ப்பார். நாற்பது பேர் வகுப்பில் பத்துக் குழு வரும், சமாளிக்கலாம். அறுபது பேர் இருந்தால் பதினைந்து குழுவை ஒரே ஆள் சுற்றிவர முடியாது. அப்போது வகுப்பைப் பாதியாகப் பிரியுங்கள். இன்று ஒரு பாதி சோதனை செய்யட்டும், மறு பாதி பாடத்தின் பின்பகுதிக் கேள்விகளை எழுதட்டும். நாளை மாற்றிக்கொள்ளலாம்.

நண்பர்களாகச் சேர்ந்துகொள்ளச் சொல்லாதீர்கள். யாரும் கூப்பிடாமல் நிற்கும் இரண்டு மூன்று பிள்ளைகளின் முகத்தை அந்த ஐந்து நிமிடத்தில் பார்த்தவர்கள் இரண்டாம் முறை அப்படிச் செய்ய மாட்டார்கள். நீங்களே பிரியுங்கள். மதிப்பெண் வரிசைப்படி முதல் பத்துப் பேரை ஆளுக்கொரு குழுவில் தலைவராக்கும் வழக்கம் நிறைய பள்ளிகளில் இருக்கிறது. அதையும் விட்டுவிடுங்கள். முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளை சொன்னதும் மற்ற மூன்று பேரும் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். நான் வருகைப் பதிவேட்டில் எண்களைத் தாவித் தாவி எடுத்துக் குழு போடுகிறேன். ஒரு மாதம் அதே குழு, பிறகு மாற்றம்.

ஆளுக்கொரு வேலை வேண்டும். நூல் நீளத்தையும் நட்டையும் கவனிக்க ஒருவர், நேரம் பார்க்க ஒருவர், எண்ண ஒருவர், எழுத ஒருவர். இந்த வேலைகள் ஒவ்வொரு சோதனையிலும் சுற்றி வர வேண்டும். ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் சேர்ந்த வகுப்பில் இதை நீங்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டும். "அவ கையெழுத்து நல்லா இருக்கும் சார்" என்று சொல்லி எழுதும் வேலை எப்போதும் பெண் பிள்ளையிடம் போகும், பொருளைத் தொடும் வேலை பையன்களிடம் நிற்கும். கேட்டால் அவளும் பரவாயில்லை சார் என்றுதான் சொல்வாள். வருடம் முழுக்க நோட்டு எழுதியே ஒரு பெண் லேப்பைக் கடந்துவிடுவது எனக்கு மனது பொறுக்காத விஷயம். யார் எந்த வேலை என்று சின்ன அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள், பேச்சுக்கே இடமிருக்காது.

முதல் பீரியட்

இரண்டு பீரியட் சேர்ந்தாற்போல் கிடைத்தால் மிக நல்லது. பக்கத்து ஆசிரியரிடம் கேட்டு ஒரு நாளைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கிடைக்கவில்லையா, முதல் நாள் யோசனையும் திட்டமும், மறுநாள் சோதனையும் பேச்சும் என்று வைத்துக்கொள்ளலாம்.

கேள்வியைப் பலகையில் எழுதிய உடனே குழுவாகப் பேசவிடாதீர்கள். முதலில் ஒவ்வொருவரும் தனியாக, வாய் திறக்காமல், தன் ஊகத்தை நோட்டில் ஒரு வரி எழுதட்டும். "பெரியவர் உட்கார்ந்தால் மெதுவாக ஆடும், கனம் அதிகம்." "வேகமாக ஆடும்." "மாறாது." எதுவானாலும் சரி. எழுதியதை யாரும் அழிக்கக் கூடாது என்பது மட்டும் விதி. பேச்சு தொடங்கிய பிறகு எழுதச் சொன்னால் சத்தமாகப் பேசுபவரின் ஊகத்தைத்தான் நான்கு பேரும் எழுதியிருப்பார்கள்.

அப்புறம் குழுவாகப் பேசி அரைத் தாளில் திட்டம் எழுத வேண்டும். எதை மாற்றப் போகிறோம், எதை மாற்றாமல் வைக்கப் போகிறோம், எதை அளக்கப் போகிறோம், எத்தனை தடவை. இந்த நான்கும் தாளில் இருந்தால் நான் கையெழுத்துப் போடுவேன், டப்பா கையில் கிடைக்கும். திட்டம் சரியில்லை என்று தெரிந்தாலும், ஆபத்து இல்லாவிட்டால் கையெழுத்துப் போடுங்கள். ஒரு குழு நீளத்தையும் எடையையும் ஒரே நேரத்தில் மாற்றப் போவதாக எழுதியிருக்கும். பேனா அந்த வரியில் தயங்கும். இருந்தாலும் போட்டுவிடுங்கள். எது எதனால் மாறியது என்று சொல்ல முடியாமல் அவர்கள் திணறும் இடம் பின்னால் வரும். ஒன்றை மாற்றும்போது மற்றதை மாற்றக் கூடாது என்பது அங்கேதான் அவர்களுக்குப் பிடிபடும்.

நடுவில் உங்கள் வேலை

சோதனை நடக்கும்போது ஆசிரியர் என்ன செய்வது என்பதுதான் புதியவர்களுக்கு மிகவும் கஷ்டமான பகுதி. எனக்கு இன்றும் கஷ்டம்தான். தவறு கண்ணில் பட்டதும் சொல்லிவிடத் தோன்றும், நம் தொழிலே அப்படி நம்மைப் பழக்கியிருக்கிறது.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஜன்னல் ஓரம் நின்ற குழு ஒரு மீட்டர் நூல் கட்டிப் பத்து அலைவுக்கு 18 விநாடி என்று எழுதியது. பக்கத்துக் குழுவும் அதே ஒரு மீட்டர், அவர்களுக்கு 20. எனக்குக் காரணம் தெரியும். நட்டைக் கையிலிருந்து விடும்போதே "ஒன்று" என்று எண்ணத் தொடங்கியிருந்தார்கள். அது "பூஜ்யம்" என்று இருக்க வேண்டும். அவர்கள் எண்ணிய பத்து உண்மையில் ஒன்பது. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "பக்கத்துல இருபதுன்னு போட்டிருக்காங்களே" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

முதலில் பக்கத்துக் குழுவைக் குறை சொன்னார்கள். பிறகு, பின் வரிசையில் 80 செ.மீ. நூல் கட்டிய குழுவுக்கும் 18 வந்திருக்கிறது என்று ஒருவன் பார்த்துவிட்டு வந்தான். "நம்ம நூலுதான் குறைச்சலா இருக்கு" என்று ஸ்கேல் வைத்து அளந்தார்கள். நூறு சரியாக இருந்தது. நட்டை மாற்றினார்கள், அப்போதும் 18. ஏறக்குறைய பத்து நிமிடம் போய்விட்டது. கடைசியில் எண்ணும் வேலையில் இருந்த பெண் பக்கத்துக் குழுவிடம் போய் அவர்கள் எண்ணுவதைக் கேட்டபடி நின்றாள். திரும்பி வரும்போதே சத்தமாகச் சொன்னாள்: "நாம விடும்போதே ஒண்ணு சொல்லிட்டோம்பா!" நான்கு பேரும் அட்டவணை முழுவதையும் அடித்துவிட்டு மறுபடி தொடங்கினார்கள். யாரும் சொல்லவில்லை. அன்று அவர்கள் ஒரே ஒரு நீளத்துக்குத்தான் அளவெடுத்து முடித்தார்கள், எனக்கு அது போதுமானதாக இருந்தது.

இன்னொரு இடத்திலும் தவறாமல் ஒரு குழு மாட்டும். எடையைக் கூட்டுவதற்காக நட்டுகளை ஒன்றன் கீழ் ஒன்றாகச் சங்கிலி போலக் கட்டுவார்கள். நேரம் கூடும். "கனம் கூடினால் மெதுவாக ஆடும், நிரூபித்துவிட்டோம்" என்று உற்சாகமாக வந்து நிற்பார்கள். உண்மையில் நட்டுகள் கீழே கீழே போனதால் ஊசலின் நீளம் கூடியிருக்கிறது, ஏனென்றால் நீளம் என்பது தொங்கும் எடையின் மையம் வரைக்கும். இங்கேயும் விடையைச் சொல்லாதீர்கள். "நீளத்தை எங்கிருந்து எதுவரைக்கும் அளந்தீங்க?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கு அவர்கள் ஸ்கேலை எடுப்பார்கள்.

கேள்வி கேட்டுவிட்டுப் பொறுத்திருப்பதும் பழகவேண்டிய ஒன்று. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் அறிவியல் வகுப்புகளைப் பதிவு செய்து கேட்டபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்ட பிறகு சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். மூன்று விநாடி காத்திருக்கப் பழகிய வகுப்புகளில் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று விநாடி வகுப்பில் மிக நீளமாகத் தெரியும். மனதுக்குள் எண்ணிக்கொள்ளுங்கள்.

எப்போது தலையிட வேண்டும்? யாருக்காவது அடிபடும் என்றால் உடனே. ஒரு குழு பத்து நிமிடமாகப் பொருளையே தொடாமல் உட்கார்ந்திருந்தால். ஒருவரே எல்லாவற்றையும் செய்துகொண்டிருந்தால், அவரிடம் பேச வேண்டாம், மற்றவரிடம் போய் "நீ அடுத்தது என்ன செய்யப்போற?" என்று கேளுங்கள். இவை தவிர வேறு காரணங்கள் எனக்கு அதிகம் தோன்றவில்லை.

பலகையில் எல்லோருடைய எண்ணும்

கடைசிப் பதினைந்து நிமிடத்தை எப்பாடு பட்டாவது காப்பாற்றுங்கள். டப்பாவை மூடச் சொல்லிவிட்டு, பலகையில் ஒரே அட்டவணை: குழு எண், நீளம், நட்டுகளின் எண்ணிக்கை, பத்து அலைவுக்கான நேரம். ஒவ்வொரு குழுவிலும் எழுதும் வேலை பார்த்தவர் வந்து தன் எண்ணை எழுதுவார். பத்துக் குழுவின் எண்களும் ஒரே இடத்தில் வந்து நிற்கும்போது, தனித்தனியாகத் தெரியாதது தெரியும். நட்டு இரண்டானாலும் ஐந்தானாலும் ஒரே நீளத்துக்கு நேரம் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதை யாராவது சொல்வார்கள். நீளம் 50 இருமடங்காகி 100 ஆனபோது நேரம் 14 இருமடங்காகி 28 ஆகவில்லையே என்று யாராவது கேட்பார்கள். கேட்காவிட்டால் நீங்கள் 25-ஐயும் 100-ஐயும் வட்டமிடுங்கள். நேரம் இருமடங்காக நீளம் நான்கு மடங்காக வேண்டும் என்பது அங்கேயே தெரியும். சூத்திரம் அடுத்த வகுப்பில் வரட்டும். அப்போது வர்க்கமூலக் குறி எங்கிருந்து முளைத்தது என்று யாரும் முழிக்க மாட்டார்கள்.

ஓர் எண் மட்டும் துருத்திக்கொண்டு நின்றால் அதை அழிக்காதீர்கள். எந்தக் குழு தவறு செய்தது என்றும் கேட்காதீர்கள். "இது ஏன் தனியா நிக்குது? இதை எப்படிச் சரிபார்க்கலாம்?" என்று வகுப்பிடம் கேளுங்கள். தப்பான எண்ணை எழுதினால் அவமானம் என்று பிள்ளைகளுக்குத் தோன்றிவிட்டால் அடுத்த முறை என் ஓம் விதி நோட்டுகள்தான் உங்களுக்கும் கிடைக்கும்.

கடைசியில் ஒவ்வொருவரும் முதலில் எழுதிய ஊகத்துக்குக் கீழே, இப்போது என்ன நினைக்கிறேன், எந்த எண்ணைப் பார்த்து என்று இரண்டு வரி எழுத வேண்டும். இது தனி ஆளுக்கான வேலை, குழுவுக்கு அல்ல.

வேதியியலுக்குப் போகும்போது

ஊசல் இரண்டு முறை நன்றாகப் போன பிறகு வேதியியலைத் தொடுங்கள். எனக்குப் பிடித்தது பூக்களில் நிறங்காட்டி, அதாவது அமிலமா காரமா என்று நிறம் மாறிக் காட்டும் சாறு, தேடுவது. செம்பருத்தி அமிலத்தில் சிவக்கும், காரத்தில் பச்சையாகும் என்று நாமே சொல்லிக் கொடுத்துவிடுவதற்குப் பதிலாக, "நம் தெருவில் கிடைக்கும் எந்தப் பூவின் சாறு, எலுமிச்சைக்கும் ஆப்ப சோடாவுக்கும் வித்தியாசம் காட்டும்?" என்று கேளுங்கள். செம்பருத்தி, சங்குப்பூ, காகிதப்பூ, சாமந்தி, பீட்ரூட் என்று மூட்டையோடு வருவார்கள். சங்குப்பூவின் நீலம் எலுமிச்சைச் சாற்றில் ஊதாவாகி இளஞ்சிவப்பை நோக்கிப் போகும்போது வகுப்பே எழுந்து நிற்கும். காகிதப்பூவும் பீட்ரூட்டும் எலுமிச்சைக்கு அசைந்து கொடுக்காது. அவற்றின் சிவப்பு வேறு வகை நிறமி. "எல்லாச் சிவப்பும் ஒன்றில்லை" என்ற முடிவுக்கு ஒரு குழு தானாக வந்து சேர்ந்தால் அந்த நாள் எனக்கு நிறைந்துவிடும்.

இதில் பாதுகாப்பு விதிகளை மட்டும் குழுவின் முடிவுக்கு விடக் கூடாது, அவை உங்களுடையவை. வீட்டிலிருந்து எலுமிச்சை, புளி, ஆப்ப சோடா, சோப்பு கொண்டுவரலாம். பாத்ரூம் கழுவும் ஆசிடும் பிளீச்சிங் பவுடரும் பள்ளி வாசலுக்குள் வரக் கூடாது, இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும். வெற்றிலைச் சுண்ணாம்பை நீங்களே கரைத்துத் தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் சொட்டுக் குப்பியில் கொடுங்கள், கண்ணில் பட்டால் ஆபத்து. எதையும் நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது, அது எலுமிச்சையாகவே இருந்தாலும். லேப் அமிலம் தேவைப்பட்டால் நீர்த்த அமிலத்தை நீங்களே தயாரியுங்கள், எப்போதும் தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். ஸ்பிரிட் விளக்கு எரியும் நாளில் பின்னலை முடிந்து, துப்பட்டாவைப் பின் குத்திக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு வாளி தண்ணீரும் ஒரு வாளி மணலும் கைக்கு எட்டும் தூரத்தில். கண்ணில் எது பட்டாலும் ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும், அதற்குள் ஒருவர் ஹெச்.எம். அறைக்கு ஓடட்டும்.

மின்சாரச் சோதனைக்கு டார்ச் செல் போதும். சுவர்ப் பிளக் பக்கம் எந்தக் குழுவும் போகக் கூடாது.

மதிப்பெண்ணும் போர்ஷனும்

போர்ஷன் முடியாதே என்ற கவலை நியாயமானது. எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்த முடியாது, நானும் நடத்துவதில்லை. ஒரு பருவத்துக்கு மூன்று. அந்த மூன்றையும் எங்கே செலவழிப்பது என்று ஜூன் மாதமே முடிவு செய்துவிடுவேன். பிள்ளைகள் வழக்கமாகத் தப்பாகப் புரிந்துகொள்ளும் பாடங்களுக்கு முன்னுரிமை. வெறும் பெயர்களும் வகைப்பாடுமாக உள்ள பாடங்களுக்கு இது தேவையில்லை, நேராக நடத்திவிடலாம்.

ஒன்பதில் தொடங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பத்தாம் வகுப்பு அறிவியலில் 100-க்கு 25 மதிப்பெண் செய்முறைக்கு. தானே திட்டம் போட்டு அளந்து பழகிய பிள்ளை, திருப்புத்திறன் தத்துவத்தை வைத்து ஒரு பொருளின் எடையைக் கண்டுபிடிக்கச் சொன்னால் ஸ்கேலைத் தொங்கவிட்டுச் சமன் செய்துவிட்டுத்தான் எடையைக் கட்டும். ஏன் முதலில் சமன் செய்தாய் என்று கேட்டாலும் பதில் சொல்லும். ஹெச்.எம். கேட்டால் இதைச் சொல்லுங்கள். சத்தம் பற்றியும் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. முதல் தடவை நான் சொல்லாமல் செய்துவிட்டு, பக்கத்து வகுப்பில் தேர்வு நடந்ததால் சங்கடப்பட்டேன். முடிந்தால் அவரையே ஒரு பீரியடுக்குக் கூப்பிட்டு, ஒரு குழுவிடம் என்ன செய்கிறார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள்.

குழுவுக்கு ஒரே மதிப்பெண் போடாதீர்கள். இருவர் உழைப்பில் நால்வர் வாங்கும் மதிப்பெண் உழைத்தவரையும் கெடுக்கும், உழைக்காதவரையும் கெடுக்கும். நான் பத்துக்குப் பிரிப்பது இப்படி: குழுவின் திட்டத் தாளுக்கு மூன்று, அடித்தல் திருத்தல் உட்பட உண்மையான அளவீடுகளுக்கு மூன்று, தனியாக எழுதிய கடைசி வரிகளுக்கு நான்கு. பலகைக்கு முன்னால் விளக்க யார் வருவார்கள் என்பதை நான்தான் அப்போது சொல்வேன். யாரை வேண்டுமானாலும் கூப்பிடலாம் என்று தெரிந்தால் குழுவே தங்களுக்குள் சொல்லிக்கொடுத்துக்கொள்ளும். விடை சரியா என்பதற்கு மதிப்பெண் வைப்பதில்லை. விடைக்கு மதிப்பெண் வைத்த மறுநாளே அளவீடுகள் புத்தகத்திலிருந்து வரத் தொடங்கும்.

கேள்வியும் அவர்களுடையதாகும்போது

அரையாண்டு முடிந்து பள்ளி திறந்ததும் ஒரு முழு வாரச் சோதனைக்குக் குழுக்களே கேள்வி கொண்டுவரட்டும். வரும் கேள்விகளில் பாதி மிகப் பெரிதாக இருக்கும். "செடி எப்படி வளர்கிறது?" என்று எழுதியிருப்பார்கள். அதை மறுக்காமல், எதை அளக்கப்போகிறாய் என்று கேட்டுக்கேட்டுச் சின்னதாக்க வேண்டும். கடலோரப் பள்ளியில் வேலை பார்த்தபோது ஒரு குழு இப்படித்தான் "உப்புத் தண்ணீரில் செடி வருமா?" என்று ஆரம்பித்து, "எவ்வளவு உப்பு வரைக்கும் பச்சைப்பயறு முளைக்கும்?" என்பதில் வந்து நின்றது. அவர்கள் ஊர்க் கிணறுகள் உப்பேறிக்கொண்டிருந்தன, கேள்வி வீட்டிலிருந்தே வந்தது. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும் என்ற ஒரு தகவல் மட்டும் நான் கொடுத்தது. அதைப் பாதியாக, பாதியின் பாதியாகக் குறைத்துக்கொண்டே போகலாம் என்பது அவர்கள் யோசனை.

முதல் முறை டம்ளருக்கு மூன்று பயறு போட்டார்கள். வெறும் தண்ணீரிலேயே ஒன்று முளைக்கவில்லை. அது உப்பாலா, சொத்தைப் பயறாலா என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. இரண்டாம் முறை டம்ளருக்கு இருபது. ஆனால் வெறும் தண்ணீர் டம்ளர் ஜன்னலில் இருந்தது, உப்பு டம்ளர்கள் அலமாரிக்குள் இருந்தன. ஊசல் செய்திருந்ததால் இதை அவர்களே பிடித்துவிட்டார்கள். மூன்றாம் முறைதான் எல்லா டம்ளரும் ஒரே பலகையில், ஈரத்துணி விரித்து, ஒரே அளவு தண்ணீரோடு வரிசையாக நின்றன.

முளைப்புச் சோதனை வைக்கும்போது ஒரு விஷயம். வெள்ளிக்கிழமை தொடங்கினால் ஞாயிற்றுக்கிழமை யாரும் வந்து துணியை நனைக்க மாட்டார்கள், திங்கட்கிழமை எல்லாப் பயறும் காய்ந்து கிடக்கும். ஞாயிறு இரவு வீட்டிலேயே ஊறப்போட்டு வரச் சொல்லிவிட்டு, திங்கள் காலை முதல் பீரியடுக்கு முன்பே டம்ளர்களை அடுக்கிவிடுங்கள். ஊறப்போடும்போதே எந்தத் தண்ணீரில் ஊறப்போட்டோம் என்பதையும் தாளில் எழுத மறக்காதிருக்கச் சொல்லுங்கள். உப்பு நீரில் முளைக்க வேண்டிய பயறை நல்ல தண்ணீரில் ஊறவைத்துவிட்டு வந்த குழு ஒன்று எனக்கு ஒவ்வொரு வருடமும் கிடைக்கிறது.